மன்னிப்புக்குக் கிரேக்கச் சொல்

போதகர் மாணிக்கராஜ் மூன்று நாளாகக் கிரேக்க அகராதியும் கையுமாக இருந்தார். நான்காம் நாள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், செல்வராணியின் வீட்டில் போய் உட்கார்ந்தார்.

அவளுடைய ஒரே மகள் நிலக்ஷனாவை ஒரு வேன் அடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போய் மூன்று வாரம். அன்றிலிருந்து வேலைக்கும் போகாமல் பொலிசே கதியென்று கிடந்தாள் செல்வராணி.

"'மன்னிக்கிறது'ன்னு நம்ம வேதத்துல வருதே, கிரேக்க மூலத்துல அது 'அஃபியேமி'. இறுக்கிப் பிடிச்சிருக்கிறத விட்டுர்றதுன்னு அர்த்தம். நீங்க விட்டாத்தாம்மா ஒங்களுக்கும் சமாதானம்."

"பெத்த வயிறு எரியுதுங்க ஐயா."

"ஆண்டவர் சிலுவையில தொங்கிக்கிட்டே மன்னிச்சாரேம்மா."

வெகுநேரம் அழுதாள். பிறகு, விசாரணை வேண்டாமென்று அவரே எழுதிக்கொண்டு வந்திருந்த கடிதத்தில் கையெழுத்து வைத்தாள்.

"அந்த வேன ஓட்டுனவனுக்காகவும் ஜெபம் பண்ணுங்க ஐயா."

"மூணு வாரமா தினமும் பண்றேம்மா."

அவள் கொடுத்த தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தார். கடிதத்தை வேதாகமத்துக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினார். சிக்னல் கிடைத்ததும் மகனுக்குப் போன் எடுத்தார்.

"ஜொனி, அந்தம்மா கையெழுத்து வச்சிட்டாங்க. ஒடஞ்ச லைட்ட மாத்திட்டு வேன வெளியில எடுப்பா."