நகர்ந்த வில்லை

ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில், புதிய கலவையில் செய்த வட்டமான கறுப்பு வில்லை ஒன்றை இரும்பு இடுக்கியால் எடுத்துவைத்தாள் ஆராய்ச்சியாளர் ஜெசிந்தா. பிறகு, அதற்குக் காந்தத்தன்மை உண்டா என்று பார்க்க, ஒரு காந்தத்தை அதன் அருகே கொண்டுபோனாள். வில்லை நகர்ந்தது.

"நகருது! காந்தத்தைப் பார்த்து நகருது!" என்று கைதட்டினாள்.

வில்லைக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வில்லைகளிடம், "தள்ளியே இருங்க, என்மேல வந்து ஒட்டிக்கப்போறீங்க" என்றது.

மறுநாள் ஏதோ சந்தேகம் வந்து, ஜெசிந்தா அதை அமிலத்தில் கழுவினாள். மறுபடி காந்தம் வந்தது. வில்லை மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கியது. அசையவே இல்லை.

"ச்சே! இடுக்கியோட இரும்புத் தூள் ஒட்டியிருந்திருக்கு. அதைத்தான் காந்தம் இழுத்திருக்கு" என்று சொல்லி, வில்லை, இடுக்கி இரண்டையும் குப்பைக்கூடையில் வீசினாள்.

வில்லை தன்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டது. அதே கறுப்பு, அதே வட்டம்.

"இடுக்கியண்ணே, நேத்து நகர்ந்தது நான்தானே?"

"நீதான். என் கண்ணால பார்த்தேனே."

"ஆனா இழுபட்டது?"

"என் தூளாம்."

"அப்போ அவங்க கைதட்டினது உங்களுக்கா?"

இடுக்கி தன் தேய்ந்த நுனியைப் பார்த்தது.

"எனக்குன்னா, நான் ஏன்ப்பா உன்கூட இங்க கிடக்கேன்?"