மழை மாதத்துக்கு ஆறு டிக்கெட்

"மழைக்காலத்துல யாராவது கடல் பார்க்கப் போவாங்களாப்பா?"

மகள் கேட்டாள். போட்டோ ஸ்டுடியோக்காரரான அவள் அப்பா சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் பென்சிலால் இன்னொரு கோடு இழுத்தார்.

தென்கிழக்கு ஆசியாவில் ஒரு குட்டி நாடு. வரைபடத்தில் உள்ளங்கையால் மூடிவிடலாம். அதைச் சுற்றி வருவதற்குத்தான் வீட்டில் இத்தனை நாள் இழுபறி.

குடும்பமே சேர்ந்து போகிற முதல் வெளிநாட்டுப் பயணம். மகளும் மாப்பிள்ளையும் அதற்காகவே லீவு எடுக்காமல் சேர்த்து வைத்திருந்தார்கள். எல்லாரும் நீலக் கடல் முன்னால் வரிசையாக நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். மகளுக்கு அது ஒன்றுதான் ஆசை.

"வெயில் மாசத்துல கடல் கண்ணாடி மாதிரி இருக்குமாம் மாமா. மீன் நீந்துறது மேலேயிருந்தே தெரியுமாம்" என்றார் மாப்பிள்ளை.

"மழை வந்தா மீனெல்லாம் லீவு போட்டுட்டுப் போயிடுமா மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை செய்தித்தாளைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"திட்டத்தைப் பாரும்மா" என்று மகள் அம்மாவிடம் முறையிட்டாள். "அருவிக்கு விடியக்காலை. கடலுக்கு இருட்டுற நேரம். மத்தியானம் பூரா குகை, கூரை போட்ட சந்தை, ரயில். இது சுற்றுலாவா, இல்ல போலீசுக்குப் பயந்து ஒளிஞ்சு திரியறதா?"

"அப்பா வயசுக்கு மத்தியானத்துல நடக்க முடியாதுடி."

"எந்த வெயிலையும் பார்க்காம கேமராவைத் தூக்கிட்டு அலைஞ்சவர்தானேம்மா! 'வெளிச்சத்துக்கு வா, வெளிச்சத்துக்கு வா'ன்னு ஊரையே இழுத்தவர், இப்ப இருட்டைத் தேடிப் போறாராம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "மழை மாசத்துல எல்லாம் பாதி விலை. அதான் விஷயம். அப்பாவோட கை இறுக்கம் உனக்குத் தெரியாதா?"

அம்மா மறுக்கவில்லை. ஃபிலிம் காலத்தில் ஒரு படம்கூட வீணாக்காத மனிதர் அவர். அதை அம்மா சில நாள் பெருமையாகச் சொல்வாள், சில நாள் தலையில் அடித்துக்கொண்டு சொல்வாள்.

மருமகள் தேநீர் கொண்டு வந்தாள். இந்த வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன.

"அண்ணி, நீங்க சொல்லுங்க. வெயிலா, மழையா?"

"நீங்கல்லாம் சந்தோஷமா போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

"எனக்கு அலைச்சல் ஒத்துக்காது." சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஓரமாக உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து அவள் பின்னாலேயே போனான்.

மகளுக்குச் சுருக்கென்றது. "பார்த்தியாம்மா? நம்மகூட நாலு நாள் சேர்ந்து இருக்கப் பிடிக்கல. அண்ணனையும் முந்தானையில முடிஞ்சாச்சு."

"மெதுவாப் பேசுடி, காதுல விழும்."

"விழட்டுமே. அவங்க வரலைன்னா அஞ்சு டிக்கெட் போடுவோம். வெயில் மாசத்துலயே போடுவோம்."

"ஆறு டிக்கெட்" என்றார் ஸ்டுடியோக்காரர், திரும்பிப் பார்க்காமலே. "மழை மாசம்."

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டார்.

சண்டையைப் பாதியில் விடும் பழக்கம் மகளுக்கு இல்லை. அவளும் பின்னாலேயே ஏறினாள்.

மொட்டை மாடியில் அப்பா காய்ந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். அண்ணியின் புடவையும் அதில் இருந்தது.

"இதுவும் உங்க வேலைதானா? மகாராணி மாடி ஏற மாட்டாங்களோ?"

அவர் கொடியிலிருந்து அடுத்த துணியை உருவினார்.

"நேராவே கேட்கிறேன்பா. வரமாட்டேன்னு சொல்றவங்களுக்கு ஒரு டிக்கெட். யாரும் போகாத மாசத்துல ஒரு பயணம். என்னதான் நினைச்சுட்டிருக்கீங்க?" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

"கல்யாணம் முடிஞ்ச வாரம் இதே இடத்துல குடும்பப் படம் எடுத்தேனே, ஞாபகம் இருக்கா? எல்லாரையும் நல்ல வெயில்ல நிறுத்தி வெச்சேன்."

"ஏன் இல்லாம? அண்ணி பாதியிலேயே கீழ ஓடிட்டாங்க. அன்னிக்கே தெரியும் எனக்கு, அவங்க எப்படின்னு."

"உனக்கு என்ன தெரியும்? நான் லென்ஸ் வழியாப் பார்த்தேன் பாப்பா. கழுத்து, கையெல்லாம் என் கண்ணு முன்னாலயே செவந்து, தடிப்புத் தடிப்பா கிளம்புது. அந்தப் பொண்ணு புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கிட்டு சிரிக்குது, நம்ம படம் கெட்டுடக் கூடாதுன்னு. அந்த உடம்புக்கு வெயில் ஆகாது."

மகள் கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் கேட்டதில்ல, அவளும் சொன்னதில்ல. நீ வந்துட்டுப் போறவ, பார்த்திருக்க மாட்ட. காலையில தெருமுனைக்குப் போகணும்னாகூட குடை வேணும் அவளுக்கு. தெருவுல நாலு பேர் சிரிக்கிறாங்க. அந்தக் கூச்சத்துலதான் எங்க கூப்பிட்டாலும் வரமாட்டேங்கிறா. நீயும் போய்க் கேட்டு வெச்சுடாத."

"சரிப்பா... அதுக்கு எதுக்கு மழை மாசம்?"

அவர் மருமகளின் புடவையை விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்தார்.

"அந்த மாசத்துல அந்த நாடே குடை பிடிச்சுக்கிட்டுத்தாம்மா நடக்கும். அவ குடையை மட்டும் யாரு திரும்பிப் பார்க்கப் போறாங்க?"