தூரிகைச் சத்தம்

“படுத்துக் கிடக்கிறது ஒரு வேலை, அதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கிறது இன்னொரு வேலை! மூணு மாசமா என் வீட்டு மாடியில இந்தக் கூத்துதான் நடக்குது!”

மாடிப்படி முடிவதற்குள்ளேயே வெர்னா ஆரம்பித்துவிட்டாள். சர்ச்சுக்குப் போட்டுப் போன ஊதா தொப்பி தலையில் அப்படியே இருந்தது. அங்கே வருகிறவர்களை வரிசை பார்த்து உட்கார வைப்பது அவள் பொறுப்பு. அதற்குப் போடும் வெள்ளைக் கையுறையைக் கழற்றக்கூடப் பொறுமை இல்லை.

“மெதுவாப் பேசுக்கா,” என்றாள் ஒடெசா. தங்கை. ஓவியம்தான் தொழில். பேசும்போதும் தூரிகையை நிறுத்தவில்லை. சரக், சரக்.

ஜன்னலோரத்து சோபாவில் ஜூவல் ஒரு கையைத் தலைக்கு மேல் மடித்துப் போட்டு, கழுத்துவரை போர்வையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே பால்டிமோர் தெருவெல்லாம் பனி. அறைக்குள் விழுந்த மதிய வெளிச்சம்கூடப் பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல இருந்தது.

“மெதுவாவா? இவ எதுக்கு வந்தா? படத்துக்குப் போஸ் கொடுக்க. இப்ப என்ன பண்றா? குறட்டை விடறா!”

“தூங்கற மாதிரிதானே போஸ்.”

“மாதிரி! நிஜமாவே தூங்கச் சொன்னது யாரு? சம்பளத்தோட தூக்கம், கேட்டியா! எனக்கும் ஒரு சோபா வாங்கிப் போடேன்.”

சரக், சரக்.

“அந்தக் காலத்து ஓவியனுங்க வெள்ளைக்காரப் பொம்பளைங்களைத் துணியில்லாமப் படுக்க வெச்சு வரைஞ்சாங்க, நான் அதையே நம்ம கறுப்புப் பொம்பளைங்களை வெச்சு மாத்தி வரையப்போறேன்னு சொன்னே. சரி, நல்ல காரியம்னு மாடியைக் கொடுத்தேன். என்னத்தை மாத்தினே? அன்னிக்கு அவ படுத்திருந்தா, இன்னிக்கு இவ படுத்திருக்கா. வேடிக்கை பார்க்கிறது மட்டும் நிக்கல.”

ஒடெசா சிரித்தாள். “நல்லாப் பேசறேக்கா. கண்காட்சியில வந்து பேசு.”

“படம் இருந்தாத்தானே கண்காட்சி? எப்பக் கேட்டாலும் இன்னும் முடியலங்கறே. காலையில சர்ச் வாசல்ல இவ அண்ணன் ரேமண்ட் கேக்கறான், ‘என் தங்கச்சி உங்க வீட்டுல ஒழுங்கா வேலை செய்யறாளா?’ன்னு.”

சரக்கென்ற சத்தம் ஒரு நொடி தடுமாறியது.

“நீ என்ன சொன்னே?”

“என்ன சொல்ல? சிரிச்சு வெச்சேன். இன்னிக்குச் சொல்லிடப் போறேன். ஆண்டவர் நாள்ல பொய்க்கு நான் துணை போகமாட்டேன். முதல்ல இவளை எழுப்பறேன்.”

“அக்கா, வேண்டாம்!”

வெர்னா கேட்கிற ஆளா? சோபாவுக்குப் போக, வரைபலகையைச் சுற்றித்தான் வழி. சுற்றினாள். நின்றாள்.

பலகையில் வெள்ளைத் துணி. ஒரு கோடுகூட இல்லை. ஒடெசா இத்தனை நேரம் தேய்த்துக்கொண்டிருந்த தூரிகையில் ஒரு பொட்டு வண்ணம் இல்லை.

“உனக்குப் பைத்தியம் பிடிச்சுடுச்சாடி?”

ஒடெசா தூரிகையை நிறுத்தாமலே மோவாயால் சுவரைக் காட்டினாள். அங்கே ஒரு படம் முதுகைக் காட்டிச் சாய்ந்திருந்தது. வெர்னா அதைத் திருப்பினாள்.

அதே சோபா. பழைய ஓவியங்களில் வருகிற அதே சாய்வு, தலைக்கு மேல் மடிந்த அதே கை. ஆனால் கழுத்துவரை போர்வை. அதற்கு வெளியே எட்டிப் பார்க்கும், சாக்ஸ் போட்ட ஒரு பாதம். தரையில், நாளெல்லாம் நின்று நின்று நசுங்கிய ஒரு ஜோடி ஷூ. பார்க்க வருகிறவர்கள் யாரையும் சட்டை செய்யாமல், தனக்காக மட்டுமே தூங்குகிற முகம்.

வெர்னா தொப்பியைக் கழற்றினாள்.

“இது எப்ப முடிஞ்சுது?”

“கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே.”

“அப்புறம் இவ எதுக்கு வர்றா?”

“முடிஞ்சுதுன்னு சொன்னா வரமாட்டாளே. ராத்திரியெல்லாம் முதியோர் இல்லத்துல வேலை. பகல்ல வீட்டுல அம்மா. அந்தம்மாவுக்கு எதுவும் நினைப்பில்ல. கொஞ்சம் அசந்தா கதவைத் திறந்துக்கிட்டு ரோட்டுக்குப் போயிடும். இவ எங்கே கண்ணை மூடறது? வேலைக்குப் போறேன்னு சொன்னா ரேமண்ட் வந்து அம்மா பக்கத்துல உட்கார்றான். தூங்கணும், வான்னு கூப்பிட்டா வருவானா?”

வெர்னா தூரிகையைப் பார்த்தாள். 

“அப்ப, இந்தச் சரக் சரக்?”

“நீ தொண்டை கிழியக் கத்தினாலும் முழிக்கமாட்டா. இது நின்னா முழிச்சுக்கிறா. வேலை முடிஞ்சுது, கிளம்பணும்னு எழுந்து உட்கார்ந்துடறா.”

சொல்லிக்கொண்டே வந்ததில் ஒடெசாவின் கை நின்றுவிட்டிருந்தது.

சோபாவில் போர்வை அசைந்தது. ஒரு கால் மெல்ல வெளியே வந்தது. கண் திறக்காமலே தரையில் ஷூவைத் துழாவியது.

வெர்னா பாய்ந்து தங்கை கையிலிருந்து தூரிகையைப் பிடுங்கினாள். வெள்ளைக் கையுறையோடு, அந்த வெற்றுத் துணியில் தேய்த்தாள்.

சரக், சரக்.

கால் தயங்கியது. திரும்பப் போர்வைக்குள் போனது.

“முடிஞ்சதும் சொல்லுங்க, மிஸ் ஒடெசா...”