மேற்படி

மூன்றாவது கம்பெனிக்காரரும் அதே பெயரைத் திரையில் காட்டியபோது ஸ்டோர் அதிகாரிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆஸ்பத்திரியில் எந்தச் சக்கர நாற்காலி யாரை ஏற்றிக்கொண்டு எங்கே போகிறது என்று காட்டும் மென்பொருளை அவள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் கம்பெனிக்குப் பழைய பதிவேட்டைக் கொடுத்தாள். ஒரே நோயாளி அடுத்த வரியிலும் வந்தால், குமாஸ்தா பெயருக்குப் பதில் 'மேற்படி' என்று எழுதிவிடுவார். மென்பொருள் அதையும் ஒரு நோயாளியாக எடுத்துக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது கம்பெனிக்கு அந்த வரிகளையெல்லாம் நீக்கிவிட்டுக் கொடுத்தாள். அப்போதும் மேற்படி ஆறாம் வார்டிலிருந்து எக்ஸ்ரேக்குப் போய்வந்தார்.

இன்றைக்குப் பதிவேடே வேண்டாமென்று, சோதனைக்குத் தன் பெயரை மட்டும் ஒற்றை வரியாக அவளே தட்டியிருந்தாள். அதற்குக் கீழே மேற்படி.

"இந்த ஆளை ஏங்க உள்ள விட்டீங்க?"

"நாங்க எதுவும் போடல மேடம். உங்க டேட்டாலதான் வருது."

நாற்காலி எண் நான்கு. ஏற்றும் இடம், அவர்கள் உட்கார்ந்திருந்த அதே கூட்ட அறை. போகுமிடம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

"அழிச்சுத் தொலைங்க."

அவர் அழித்தார். கதவு திறந்தது. வார்டு உதவியாளர் நான்காம் எண் நாற்காலியைக் காலியாகத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"திருப்பிக் கொண்டு போங்க. மேற்படின்னு ஆளே கிடையாது."

உதவியாளர் தன் கையிலிருந்த சீட்டை நிதானமாகப் படித்தார்.

"மேற்படின்னா மேல் வரியில இருக்கிறவங்கதானே மேடம்," என்றவர், அவள் ஏறி உட்கார வாகாக, கால்வைக்கும் தகடுகளை மடக்கிவிட்டார்.