விழுகிற பல்லிக்கு என்ன பலன்

ஜன்னல் கதவில் சிக்கி வால் அறுந்துபோன நாளிலிருந்து செவந்தி என்கிற பல்லி, சுவரில் தொங்கிய தினசரி காலண்டருக்குப் பின்னாலேயே முடங்கிக் கிடந்தாள். புது வால் முளைத்தும் பயம் போகவில்லை.

“இன்னிக்கு என்ன போட்டிருக்கு?” என்று விடிந்ததும் கேட்பாள். காலண்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அன்றைய பொன்மொழியைப் படிக்கும். வீட்டுக்காரர் கிழித்துப் போடும் தாளையெல்லாம் இழுத்து வந்து சேர்த்ததில், அவளுக்கு ஒரு மெத்தையே ஆகிவிட்டது. கொசு பிடிக்க மட்டும் அவள் வெளியே போனபாடில்லை.

ஒருநாள் காலண்டர் குரலை இழுத்தது. “இன்னிக்குப் பொன்மொழி இல்லம்மா. பல்லி விழும் பலன்தான் இருக்கு. தலையில் விழுந்தால் கலகம், தோளில் விழுந்தால் வெற்றி.”

“யாருக்கு?”

“மனுஷங்களுக்கு.”

“விழுற பல்லிக்கு?”

காலண்டர் தன் தாளை மேலும் கீழும் தேடிப் பார்த்தது. “அதை யாரும் போடலியே.”

செவந்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த வேகத்தில் வெளியே வந்து, கூரையெல்லாம் ஓடி, ஒரு கொசுவை எட்டிக் கவ்வினாள். கால் பிடி நழுவி, கவ்விய கொசுவோடு வீட்டுக்காரர் தோளில் பொத்தென்று விழுந்தாள். அவர் அலறியடித்துக்கொண்டு காலண்டரிடம் ஓடிப் பலனைப் படித்தார். வெற்றி என்றதும் முகமெல்லாம் பல்லாக நின்றார்.

மறுநாள் அவர் கிழித்துப் போட்ட அந்தத் தாளைச் செவந்தி திருப்பிப் போட்டாள். புது வாலை விளக்குக் கரியில் தோய்த்து எழுதினாள்:

“பல்லி விழுந்தால் பல்லிக்குப் பலன்: கொசு கிடைக்கும். வால் அப்படியே இருக்கும்.”