ஐஸ் அறையில் கனடாக் கோட்டு

மருமகளுக்குக் கனடாவிலிருந்து வந்த குளிர்க்கோட்டை மாமியார் போட்டுக்கொண்டு திரிகிறா என்ற கதை, கிண்ணியாத் துறையடியில் புறப்பட்டு சுஹைராவின் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் மூன்று விதமாகிவிட்டிருந்தது.

துறையடியில் அதை, மாமியார் றஹ்மாவுக்கு மூளை பிசகிவிட்டது என்று சொன்னார்கள். பள்ளிக்கூட வாசலில், கோட்டை விற்பதற்கு ஆள் தேடுகிறா என்று சொன்னார்கள். பக்கத்து வீட்டு ஸுல்பிகா வேலிக்கு மேலால் எட்டிச் சொன்னதுதான் மூன்றிலும் கூரானது.

"உன்ட மாமி மகனிட்டப் போகப் போறாவாம் புள்ள. அதுக்குத்தான் போட்டுப் பழகுறா. நீ இங்கயே கிடந்து கோழிக்குத் தீன் போடு."

சுஹைரா சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. உள்ளே போய் அலுமாரியைத் திறந்தாள். கோட்டு தொங்கிய இடம் வெறுமையாக இருந்தது.

கலியாணம் முடித்த சில மாதங்களிலேயே புருசன் சஜீத் கனடாவுக்குப் போய்விட்டான். இப்போதுதான் அவளுக்கும் விசா கிடைத்திருந்தது. டிக்கட் போடுவது மட்டுமே மிச்சம். அங்கே ஆண்டுக்கு நான்கு காலம் என்று அவன் போனில் படம் காட்டியிருந்தான். மரத்து இலையெல்லாம் சிவந்து உதிருமாம். பிறகு ஊரே வெள்ளையாகுமாம். அதற்குப் பிறகு பூக்குமாம். வெயில் என்பது கடைசியாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகுமாம்.

சுஹைராவுக்குத் தெரிந்தவை இரண்டு காலங்கள்தாம். அனலாக வீசும் கச்சான் காற்று ஒன்று, மாரிமழையோடு வரும் வாடை மற்றது. அந்த வாடைக்கே அவளுக்கு இழுப்பு வந்துவிடும். மாமிக்கும் அப்படித்தான். மாரி பிறந்தால் இருவரும் ஆளுக்கொரு கதிரையில் நிமிர்ந்திருந்து, ஆளுக்கொரு மருந்துப் பம்பை மடியில் வைத்துக்கொண்டு மூச்சுக்குப் போராடுவார்கள். மாமியும் மருமகளும் ஒத்துப்போகும் ஒரே விசயம் அதுதான் என்று சஜீத் பகிடி விடுவான்.

பனியை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு அடைத்தது. ஆனாலும் புருசனோடு ஒரு வீட்டில் வாழ வேண்டும் என்ற ஆசை அந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

போன கிழமை குசினியில் நின்றபோது, மாமி மகனோடு போனில் கதைத்தது அவள் காதில் விழுந்திருந்தது.

"டிக்கட்டை இப்பப் போடாத. அவளுக்கு அங்க ஏலுமோ ஏலாதோ. நான் சொன்னாப் பிறகு போடு."

அன்றைக்கு அதை அவள் பெரிதாக எடுக்கவில்லை. இன்றைக்கு அலுமாரிக்கு முன்னால் நின்றபோது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு துறையடிக்கு நடந்தாள்.

அங்கே நின்றவர்கள் கைகாட்டிய ஆதம்பாவாவின் மீன்வாடியில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை. அவளைக் கண்டதும் மனுசன் தலையைச் சொறிந்தார். ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று றஹ்மா சொல்லியிருக்கிறாவாம். தன் வாயால் எதுவும் போகவில்லையாம். கேட்காமலே இவ்வளவையும் சொல்லிவிட்டு, மீனைப் போட்டு வைக்கும் ஐஸ் அறையைக் கண்ணால் காட்டினார்.

"ஒவ்வொரு நாளும் லுஹர் தொழுகைக்கு முந்தி வந்து உள்ளுக்கு இருப்பா. என்ட பாரை மீனெல்லாம் வெறும் மேலோட கிடக்குது, உங்கட மாமி மட்டும் கோட்டோட." பிறகு குரலைத் தாழ்த்தினார். "முதல் நாள் மூச்சு முட்டி, நான்தான் கதிரையோட தூக்கி வெளிய வச்சனான். இனி வராதீங்க எண்டன். கேட்டாத்தானே."

மகனிடம் போவதற்கு இவ்வளவு பிடிவாதமா என்று சுஹைரா நினைத்தாள். கதவை இழுத்துத் திறந்தாள்.

வெள்ளைப் புகை முகத்தில் அடித்தது. அதற்குள்ளே, ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் ஒரு கதிரை. கதிரையில் அவளுடைய கோட்டு. கோட்டுக்கு மேலே, மூக்கு மறைய முக்காட்டைச் சுற்றிக்கொண்டு, கண்கள் மட்டும் தெரிய றஹ்மா.

"கேட்டிருந்தா நானே எடுத்துத் தந்திருப்பன் மாமி," என்றாள் சுஹைரா. "மகனிட்டப் போறதெண்டா என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். ஊரே சொல்லி முடிஞ்ச பிறகா நான் அறியுற?"

றஹ்மா மெல்ல எழுந்து வெயிலுக்கு வந்தா. கோட்டைக் கழற்றி முகர்ந்து பார்த்துவிட்டு, மீன் வெடில் போகக் கழுவ வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டா. ஒரு கையில் மருந்துப் பம்ப் இருந்தது. மறுகையால் போனை எடுத்து மகனை அழைத்தா. அங்கே அவன் தூக்கக் கலக்கத்தில் இருந்திருக்க வேண்டும். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"டிக்கட்டைப் போடு."

போன் மடிக்குள் போனது.

"ஆருக்கு மாமி டிக்கட்?" என்று சுஹைரா கேட்டாள்.

"ஆருக்கோ? கோட்டு ஆருக்கு வந்ததோ அவளுக்குத்தான்." றஹ்மா மருமகளின் முக்காட்டு நுனியைப் பிடித்து, மூக்குக்கு மேலால் ஒரு சுற்றுச் சுற்றி, காதோரத்தில் இறுக்கிச் செருகினா. "முதல் நாள் மூக்கைத் திறந்துகொண்டு இருந்தனான், இழுத்துப் போட்டுது. பிறகு இப்பிடிச் சுத்திப் பார்த்தன். அதுக்குப் பிறகு இழுப்பு ஒரு நாளும் வரல்ல. எனக்கும் உனக்கும் ஒரே நெஞ்சுதானே மகள். எனக்கு இழுத்தா இங்க தூக்க ஆதம்பாவா இருக்கார். நீ அங்க போய், இழுப்பு வந்த பிறகா இதைப் படிக்கிற?"