அவசரச் சீல்

"நாளைக்குத் தீர்ப்பு சார்! ஒரே ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?"

குழந்தைக் காப்பகத்துக்காரி கெஞ்சியது இன்ஸ்பெக்டர் காதில் ஏறவே இல்லை. பூட்டின்மேல் துணியைச் சுற்றி, அரக்கை உருக்கி ஊற்றி, மாநில அரசு முத்திரையை அழுத்தினார்.

வாசலில் வேலைக்குக் கிளம்பிய அம்மாக்கள், இடுப்பில் பிள்ளைகளோடு கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

"வீட்டுல காப்பகம் நடத்தலாம்னு லைசென்ஸ் குடுத்ததே உங்க மாநில அரசுதானே சார்?"

"கூடாதுன்னு மத்திய அரசு சட்டம் போட்டிருக்கே. கோர்ட்டு சொல்ற வரைக்கும் அதுதான் சட்டம். தள்ளும்மா."

"அவங்க சட்டத்துக்கு அவங்க வந்து பூட்டட்டுமே! இந்த மனுஷனுக்கு ஏன் இந்த முந்திரிக்கொட்டைத்தனம்?" என்று ஒருத்தி பொரிந்தாள்.

"இன்னைக்கும் லீவு கேட்டா மேனேஜர் எனக்கே சீல் வச்சிடுவாருக்கா!" என்றாள் இன்னொருத்தி.

காப்பகத்துக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வீட்டில் அடுப்பு எரிவதே இந்தப் பிள்ளைகளால்தான்.

இன்ஸ்பெக்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பைக்கைக் கிளப்பினார்.

மறுநாள் மத்தியானம் பக்கத்து வீட்டு டி.வி.யில் தீர்ப்பு வந்தது. குழந்தைக் காப்பகம் மாநிலத்தின் அதிகாரம். அதில் மத்திய அரசு சட்டம் போட்டது செல்லாது!

அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

சாயங்காலத்துக்குள் இன்ஸ்பெக்டர் சுத்தியலோடு வந்தார். ரெண்டே தட்டு. அரக்கு பொடிப்பொடியாக உதிர்ந்தது. கதவு திறந்ததும், வாசலில் காத்திருந்த வாண்டுகள் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு பொம்மைகளிடம் ஓடின.

வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தாலும், அவளுக்கு நேற்றைய ஆத்திரம் அடங்கவில்லை.

"நேத்து பூட்டி இன்னைக்குத் திறக்கறதுக்கு, பூட்டாமலே இருந்திருக்கலாமே சார்?"

அவர் கையில் ஒட்டிய அரக்கைத் தட்டிவிட்டார்.

"அடுத்த தெரு காப்பகம் திறந்தாச்சாம்மா?"

"எங்க சார்! அது மத்திய அரசு வச்ச சீலாம். அப்பீல் பண்ணப் போறாங்களாம். அது முடியாம தொட மாட்டோம்னுட்டாங்களாம். பாவம், அந்த அக்கா அழுதுக்கிட்டு இருக்காங்க."

"வச்சவங்கதாம்மா உடைக்கணும். அவங்க சீலை நான் தொட முடியாது. ஏற்கெனவே சீல் இருக்கிற கதவுல அவங்களும் இன்னொண்ணு வைக்க முடியாது."

பைக்கில் ஏறி உட்கார்ந்தவர், தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"நேத்து அந்தத் தெருவுக்கு நான் போறதுக்குள்ள அவங்க ஜீப் வந்து நின்னுடுச்சு. அதான், உங்க தெருவுக்காவது முந்திக்கலாம்னு ஓடி வந்தேன்."